காட்டூரில் ஒழுகாத கார்

எங்கள் கார் காட்டூரில் ஒழுகாது. ஸ்ரீரங்கத்தில் ஒழுகும். இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ரொம்ப நாள் நானே நம்பவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டூரில் இருப்பது அண்ணன் வீடு. ஸ்ரீரங்கத்தில் நான் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் இருக்கிறேன். தில்லைநகர் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கணவருக்கு ஓசூரில் வேலை, விடுமுறைக்குத்தான் வருவார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போன பிறகு ஆட்டோவில் ஏறுவதே பெரும்பாடாகிவிட்டது. அதற்காக அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு பழைய டீசல் காரை வாங்கினோம். பழையது என்றால் நல்ல பழையது. கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற சத்தம் வரும். ஆனால் சீட்டின் உயரம் அம்மாவுக்கு வாகாக இருந்தது. திரும்பி உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தால் போதும். அதைத் தவிர வேறெதையும் நாங்கள் பார்க்கவில்லை.

அம்மா ஒரு மாதம் அண்ணன் வீட்டில், ஒரு மாதம் என் வீட்டில். அம்மா எந்த வீட்டிலோ கார் அந்த வீட்டில்.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு வெளிர் மஞ்சள் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் காரை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அந்த மஞ்சளில் கறுப்பாக ஒரு வட்டம். விரலால் தொட்டு முகர்ந்தேன். என்ஜின் ஆயில். மறுநாள் வட்டம் உள்ளங்கை அளவுக்குப் பெருத்திருந்தது. துணியால் துடைத்தேன், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். மறுநாளும் இருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணன் துவாக்குடிப் பக்கம் ஒரு இரும்பு வேலைப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்பில் செய்த எதுவும் தனக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம்.

"சம்ப் பேக்கிங் போயிருக்கும் பாப்பா. அனுப்பிவிடு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

சம்ப் என்பது என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தகரத் தொட்டி. அதை என்ஜினோடு சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே கார்க்கில் வெட்டிய ஒரு பட்டை இருக்கும். அதுதான் பேக்கிங். அம்மாவின் மாதம் முடிந்து கார் காட்டூர் போனதும் அண்ணன் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுப் புது பேக்கிங் போட்டார். அந்த மாதம் முழுக்க ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்று போனில் சொன்னார். நான் நிம்மதியாக இருந்தேன்.

கார் என் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் கறுப்பு வட்டம் அதே இடத்தில் இருந்தது.

"அது எப்படி? இங்க ஒண்ணுமே இல்லையே" என்றார் அண்ணன். பிறகு, "நீ எப்படி ஓட்டற? கியர மாத்தாம ரொம்ப முறுக்கறியோ?" என்று கேட்டார்.

"நீங்க ஓட்டற அதே ஆத்துப் பாலத்து மேலதாண்ணே நானும் ஓட்டறேன். முறுக்கினாலும் அது எப்படிண்ணே வீட்டுக்கு வந்தப்பறம் ஒழுகும்?"

பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அவன் சொல்றது நெசந்தான்டி. அங்க தரை பளிச்சுனு இருந்துச்சு. நான் தினம் அங்கதானே உக்காந்து பேப்பர் படிப்பேன்."

அம்மா பொய் சொல்லமாட்டாள். ஆனால் அன்று அம்மா அண்ணன் கட்சியில் சேர்ந்துவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது.

நான் காரைத் திருவானைக்காவலில் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசாத மனிதர். காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, போல்ட்டெல்லாம் லூஸாக இருக்கிறது என்று இறுக்கிக் கொடுத்தார். அடுத்த நாள் முன்பைவிட அதிகமாக ஒழுகியது. திரும்பப் போனேன். சம்பைக் கொஞ்சம் கீழே இறக்கிப் புது பேக்கிங் வைத்து, இரண்டு பக்கமும் கசிவை அடைக்கிற பேஸ்ட் தடவிப் பூட்டினார். இரண்டு நாள் தரை காய்ந்திருந்தது. மூன்றாம் நாள் வட்டம் வந்துவிட்டது.

"வேற எங்கயாச்சும் இருந்து வருதாங்க?" என்று கேட்டேன்.

"வரலாம்ங்க. மேல என்ஜின மூடியிருக்கற டேப்பட் கவர்ல இருந்து வழிஞ்சு கீழ வந்து சொட்டினாலும் சம்ப்ல இருந்து வர்ற மாதிரிதான் தெரியும்" என்றார். மேலே துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை என்ஜினைச் சுற்றித் தூவி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எண்ணெய் வந்த வழி பவுடரில் கோடாகத் தெரியுமாம். நானும் தூவினேன். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் மேலே பவுடர் பவுடராகவே இருந்தது. கீழே எல்லாம் ஒன்றாகக் குழைந்து சேறு மாதிரி ஆகியிருந்தது. எந்த வழியாக வந்தது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

அந்த மாதம் முடிந்து கார் காட்டூர் போனது. ஒழுகவில்லை.

அப்போது என் மனம் எப்படியெல்லாம் போனது என்பதை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. அண்ணி காலையில் எழுந்ததும் தரையைத் துடைத்துவிடுகிறாரோ? அப்படித் துடைத்து அவருக்கு என்ன கிடைக்கப்போகிறது? எங்கள் குடியிருப்பில் யாராவது இரவில் தன் பைக்கின் பழைய ஆயிலை என் காருக்கு அடியில் ஊற்றுகிறார்களோ? அப்படி யார் செய்வார்கள்? ஒரு நாள் வேலை முடிந்து நேரே காட்டூர் பஸ் ஏறினேன். சும்மா அம்மாவைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன். சிமெண்டுத் தரை வெளுத்துப்போய்க் கிடந்தது. பழைய கறையின் தடம்கூட இல்லை. அண்ணி காபியோடு வந்து, "என்னம்மா தேடறீங்க?" என்றார். "ஒண்ணுமில்ல அண்ணி" என்று எழுந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் கண்ணால் பார்க்கிறேன். அவர்களும் கண்ணால் பார்க்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

இதற்கு நடுவில், எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டில் இருக்கும் மாமி கீழே வழுக்கி விழுந்தாள்.

கார் திரும்ப என் வீட்டுக்கு வந்திருந்த மாதம் அது. மாமி தினமும் விடிந்ததும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவாள். நான் அன்று காரை வெளியே எடுத்துவிட்டிருந்தேன், வட்டத்தைத் துடைக்கவில்லை. அவசரமாகப் போன மாமியின் கால் அதில் வழுக்கிவிட்டது. கையை ஊன்றி விழுந்தாள். நான் திரும்பி வந்தபோது மாமி படிக்கட்டில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடவை ஓரத்தில் கறுப்பு அப்பியிருந்தது. தாழம்பூ நிறப் புடவை.

"மாமி, மன்னிச்சுக்கோங்க. என்னாலதான்" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ என்ன பண்ணுவே? பெருமாள் கிருபை, தலையில அடிபடலை. என்னை டாக்டர்கிட்ட மட்டும் அழைச்சுண்டு போயிடு, ஆத்துல யாரும் இல்லை" என்றாள்.

அதே காரில்தான் அழைத்துப் போனேன். எலும்பு முறியவில்லை, பிசகுதான். கட்டுப் போட்டார்கள். வழியெல்லாம் மாமி என்னைத்தான் சமாதானப்படுத்திக்கொண்டு வந்தாள். எனக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று மத்தியானம் அண்ணனுக்குப் போன் செய்து, "நீங்க இங்க வாங்க. வந்து ரெண்டு நாள் தங்குங்க. உங்க கண்ணால பாருங்க" என்றேன். சாயங்காலமே ஒரு பையோடு வந்து இறங்கினார்.

மறுநாள் காலையில் அவரைக் கீழே கூட்டிப்போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச்சைப் பிடித்து, தரையில் கன்னம் படும்படி படுத்தார். கறுப்பு வட்டம் ஈரமாக மின்னியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, விழுந்தது. அண்ணன் எழவில்லை. படுத்தபடியே அதை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"என்னண்ணே?"

"நம்ப முடியல பாப்பா. ஒரு மாசம் அங்க நின்ன வண்டிதானே இது?"

எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. ஒழுகுகிறதே என்று வருத்தம். ஒழுகுவதை அவரும் பார்த்தாரே என்று நிம்மதி. அவர் எழுந்து உட்கார்ந்து, முழங்கையைத் துடைத்துக்கொண்டு, "உன்னை என்னமோ சொல்லிட்டேன்" என்றார்.

அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வர நேரமானதால் அண்ணனே அம்மாவைத் திருவானைக்காவல் கோயிலுக்குக் காரில் அழைத்துப்போய்த் திரும்பினார். அடுத்த நாள் காலையில் இருவரும் காபி குடிக்காமல்கூடக் கீழே இறங்கினோம். தரை காய்ந்திருந்தது. நான் முதல்நாள் தேய்த்துக் கழுவிய டைல்ஸ் அப்படியே இருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நீங்க துடைச்சீங்களா?"

"நான் எதுக்குத் துடைக்கறேன்? நீ துடைச்சியா?"

அப்படியானால் அண்ணன் ஓட்டினால் ஒழுகாது, நான் ஓட்டினால் ஒழுகும் என்றுதானே ஆகிறது? அப்படி ஒரு கார் இருக்குமா? எனக்கு உண்மையிலேயே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அண்ணனும் "பாத்தியா" என்று சொல்லவில்லை. காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

மேலே வந்து அம்மாவிடம் சொன்னோம். அம்மா இட்லியைப் பிட்டுக்கொண்டே, "நேத்து வண்டி திரும்பியில்ல நின்னுச்சு" என்றாள்.

"திரும்பின்னா?"

"நீ எப்பவும் என்னை வாசல்லயே இறக்கி விட்டுட்டுத்தானே உள்ள கொண்டு போவ? என் பக்கத்துக் கதவு சுவத்தை ஒட்டிப்போயிடும்னு. நேத்து இவன் உள்ளயே இறக்கிவிட்டான். கதவு இந்தப் பக்கம் இருந்துச்சு."

அண்ணன் ரிவர்ஸில் உள்ளே ஏற்றி நிறுத்துபவர். வெளியே போகும்போது நேரே கிளம்பிவிடலாம் என்பது அவர் வழக்கம். காட்டூரிலும் அப்படித்தான். நான் நேரே உள்ளே விட்டு, காலையில் ரிவர்ஸில் எடுப்பேன். இத்தனை நாளில் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

அண்ணன் ஒரு பக்கெட் தண்ணீரை எடுத்துப்போய்க் கார் நிற்கும் இடத்தில் ஊற்றினார். தண்ணீர் நிற்காமல் கேட்டை நோக்கி ஓடியது. மழைத் தண்ணீர் தேங்காமலிருக்கத் தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு. அண்ணன் வீட்டுத் தரையும் தெருவை நோக்கிச் சரிந்ததுதான். நான் நிறுத்தினால் காரின் மூக்கு மேட்டிலும் பின்பக்கம் பள்ளத்திலும் இருக்கும். தொட்டியிலிருக்கும் எண்ணெய் பின்பக்கம் தேங்கும். அண்ணன் நிறுத்தினால் முன்பக்கம் வந்துவிடும். அன்றே காரைத் திருப்பித் திருப்பி நிறுத்திப் பார்த்தோம். நான் நிறுத்தும் விதத்தில் ஒழுகியது. அவர் நிறுத்தும் விதத்தில் ஒழுகவில்லை.

"அப்ப தினம் ரிவர்ஸ்லயே விட்டுடுங்களேன்" என்றாள் அம்மா.

அண்ணன் தலையை ஆட்டினார். "ஓட்டை இருக்கத்தானேம்மா செய்யுது?"

திருவானைக்காவல் மெக்கானிக்கிடம் போய் இதைச் சொன்னபோது அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப பின்பக்கத்து மூலைதாங்க" என்றார். பிறகு, "அங்கதான் எனக்குச் சந்தேகம். கடைசி ரெண்டு போல்ட்டுக்கு நேரா ஒரு குறுக்குச் சட்டம் ஓடுது. கை போகும், கண்ணு போகாது. தடவித் தடவித்தான் பூட்டினேன்" என்றார்.

இந்த முறை என்ஜினைச் சங்கிலி போட்டுக் கொஞ்சம் மேலே தூக்கிச் சம்பை முழுவதுமாக வெளியே எடுத்தார். அண்ணனும் நானும் அம்மாவும் ஷெட்டில் இருந்தோம். அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பழைய பேக்கிங்கையும் கெட்டிப்பட்ட பேஸ்ட்டையும் சுரண்டியெடுத்த பிறகு, மெக்கானிக் ஒரு கண்ணாடிப் பலகையைத் தரையில் வைத்து அதன்மேல் சம்பைக் கவிழ்த்தார். முன்பக்க விளிம்பு கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்தது. பின்மூலையில் அடியே வெளிச்சம் தெரிந்தது. போல்ட் ஓட்டைகளைச் சுற்றித் தகரம் குழிந்திருந்தது. எங்களுக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்தவர்களிலிருந்து தொடங்கி, ஒழுகும்போதெல்லாம் ஒவ்வொருவராக இறுக்கி இறுக்கி வளைத்திருக்கிறார்கள். இறுக்க இறுக்க ஓட்டைக்குப் பக்கத்தில் அழுந்தும், நடுவில் தூக்கும். பேக்கிங் எத்தனை புதிதாக இருந்தாலும் அங்கே பிடிக்காது.

"இதை நான் தட்டித் தரேன்" என்றார் அண்ணன்.

மெக்கானிக் தயங்கினார். "டிங்கர்கிட்ட குடுத்துடலாம்ங்க. அதிகமாத் தட்டினா கீறல் விட்டுடும்."

"முப்பது வருஷம் தகடு தட்டினவன் நான்."

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மரக்கட்டையை அடியில் கொடுத்து, சின்னச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். தட்டுவார், கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். வியர்வை மூக்கிலிருந்து சம்பின்மேல் விழுந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவரை அப்படி நான் பார்த்ததில்லை. அம்மா, "மெதுவாடா, கையில போட்டுக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மெக்கானிக் என்ஜினின் மேல்பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் குழாயை உருவினார். பிரீதர் பைப் என்றார். என்ஜினுக்குள் சேரும் காற்றும் புகையும் வெளியே போகிற வழி அது. உள்ளே கறுப்பாகப் பிசுபிசுவென்று அடைத்திருந்தது. கம்பியை விட்டுக் குத்தினால் தார் மாதிரி வந்தது.

"பாருங்க. காத்து போக வழியில்லன்னா அது எண்ணெயத் தள்ளிக்கிட்டு எங்க இடுக்கு கிடைக்குதோ அங்க வரும்" என்றார்.

எனக்கு மறுபடியும் குழம்பிவிட்டது. "அப்ப வளைஞ்ச தகரத்துனாலயா, இதுனாலயா?"

"ரெண்டும் இருக்கலாம்ங்க" என்றார். யோசித்துவிட்டு, "எனக்கு இதுதான்னு தோணுது" என்று குழாயைக் காட்டினார்.

"குழாயெல்லாம் இல்ல. இந்த மூலைதான்" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

பேஸ்ட் தடவுவதிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அண்ணன் தாராளமாகத் தடவச் சொன்னார். மெக்கானிக் மெல்லிசாகப் போதும், அதிகமானால் பிதுங்கி உள்ளே விழுந்து எண்ணெய் போகிற வழியை அடைக்கும் என்றார். கடைசியில் மெல்லிசாகவே தடவினார்கள். போல்ட்டுகளை ஒரே மூச்சாக இறுக்காமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார் மெக்கானிக். அந்த மறைவான இரண்டையும் இந்த முறை கண்ணால் பார்த்தே பூட்டினார். பேஸ்ட் காயட்டும் என்று காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். அம்மாவை அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கி ஏற்றினோம்.

கார் வந்தது. என் வழக்கப்படி மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினேன். முதல் நாள் காய்ந்திருந்தது. மூன்றாம் நாளும் காய்ந்திருந்தது. நான் நம்பவில்லை. தினமும் பேப்பர் விரித்து வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பேப்பரில் நனைந்த வட்டம் தெரிந்தது. உடனே குனிந்து தொட்டேன். ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர். எதிர்வீட்டு மாமி படியிறங்கி வந்து பார்த்துவிட்டு, "இன்னும் என்னடிம்மா தரையையே பாத்துண்டிருக்கே?" என்றாள்.

அதன்பிறகு ஒழுகவேயில்லை. ஏன் ஒழுகவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் பரிசோதனை நிலையத்தில் ஒரு முடிவு தப்பாக வந்தால் ஒன்றை மட்டும் மாற்றித் திரும்பச் செய்வோம். அப்போதுதான் தப்பு எதில் என்று தெரியும். இங்கே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டோம். தகரத்தைத் தட்டினோம், குழாயைக் குத்தினோம், பேக்கிங்கையும் போல்ட்டையும் ஒழுங்காகப் பூட்டினோம். அண்ணனைக் கேட்டால் சுத்தியல் என்கிறார். மெக்கானிக்கைக் கேட்டால் பிரீதர் என்கிறார். இருவரும் இப்போது போனில் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் பேச்சு நீண்ட நேரம் போகிறது என்று அண்ணி சொல்கிறார்.

அம்மாவின் மாதம் முடிந்து காட்டூரில் விடப் போனபோது அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"சொட்டு இல்லண்ணே."

"நான் சொன்னேன்ல?"

"நீங்க சொன்னதுனாலயா, அவர் சொன்னதுனாலயான்னு தெரியலண்ணே."

சிரித்தார். "எனக்கும் ராத்திரி படுத்தா அந்தச் சந்தேகம் வருது பாப்பா" என்றார்.

அம்மா காரை விட்டு இறங்கவில்லை. சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி, "ரெண்டு பேரும் இருக்கீங்க, வண்டியும் நல்லா இருக்கு. வயலூர் கோயிலுக்குப் போயிட்டு வருவமா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரை வாங்கி இத்தனை நாளாகியும் மெக்கானிக் ஷெட்டைத் தவிர நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அதில் எங்குமே போனதில்லை. கார் ஒருவரிடம் இருக்கும்போது மற்றவர் போனில்தான் இருந்தோம். அண்ணன் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, அண்ணியையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். சாவியை நீட்டினேன். "நீயே ஓட்டு" என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறினார்.